ஓவியர்களும் சிற்பிகளும் சமூக ஊடகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஓவியம், சிற்பம், மரபுக் கைவினை ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டவர்கள், தங்கள் படைப்புகளைச் சமூக ஊடகங்கள் வழியே மக்களிடம் கொண்டுசெல்வது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. கவின்கலைக் கல்லூரியை முடித்து வெளியே வந்திருக்கும் இளைஞரின் தேவையும், தஞ்சாவூரிலோ சுவாமிமலையிலோ தலைமுறை தலைமுறையாகப் பட்டறை நடத்துபவரின் தேவையும் ஒன்றல்ல. வேறுபடும் இடங்களில் அதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன்.

காட்சிக்கூடங்களும் கண்காட்சிகளும் இருக்கும்போது சமூக ஊடகம் எதற்கு?

காட்சிக்கூடம் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தனக்கென எடுத்துக்கொள்வது இத்துறையில் வழக்கம். அதற்கு ஈடாக இடம், வாங்கும் வசதியுள்ள வாடிக்கையாளர்கள், ஓரளவு மதிப்பு ஆகியவற்றை அது கலைஞருக்குத் தருகிறது. ஆனால் ஆண்டுதோறும் சென்னையிலும் கும்பகோணத்திலும் கவின்கலைக் கல்லூரிகளிலிருந்து வெளிவருவோர் அனைவருக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு நம்மிடம் காட்சிக்கூடங்கள் இல்லை. இடம் கிடைக்காதவர்கள் தங்கள் சந்தையைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது புதிய நிலைமையும் அன்று. 1966 இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் ஒன்றுகூடிச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்ற வருமானம்தான் அந்த முயற்சியைத் தாங்கி நின்றது. யாரும் வந்து வாங்குவார்கள் என்று காத்திராமல், வாங்கக்கூடியவர் இருக்குமிடத்துக்குத் தாங்களே போனார்கள். இன்று அந்த இடங்களில் ஒன்று கைப்பேசியில் இருக்கிறது. அதற்கு மேல் இதில் மாயம் எதுவும் இல்லை. ஆறடி அகலத் திரைச்சீலை (கேன்வாஸ்) ஓவியம் ஒன்று உள்ளங்கை அளவுத் திரையில் தன் உண்மையான கனத்தோடு தெரியப்போவதில்லை. அசலை நேரில் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தை ஒருவரிடம் உண்டாக்கிவிட்டால், சமூக ஊடகம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.

எந்தத் தளத்தில் தொடங்குவது? எல்லாவற்றிலும் கணக்கு வேண்டுமா?

வேண்டாம். ஐந்து தளங்களில் கணக்கைத் திறந்து ஐந்தையும் பாதியில் விட்டவர்களே அதிகம். பொதுமக்கள் பார்க்கும் தளம் ஒன்றும், வாங்கக்கூடியவர்களோடு நேரடியாகப் பேச வாட்ஸ்அப்பும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

படமே பேசும் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இன்ஸ்டாகிராம் பொருத்தமானது. வேலை நடக்கும் முறையை விரிவாகக் காட்டவோ வகுப்பு எடுக்கவோ விரும்பினால் யூடியூப்தான் சரி. அங்கே ஒரு நல்ல காணொளி, வெளியிட்டுச் சில ஆண்டுகள் ஆன பிறகும் தேடுவோர் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். இன்ஸ்டாகிராமிலோ ஒரு பதிவின் ஆயுள் பெரும்பாலும் சில நாள்கள்தான். பூஜையறைக்குத் தஞ்சாவூர் ஓவியம் தேடும் நடுத்தர வயதுக் குடும்பங்கள் ஃபேஸ்புக்கில் இன்னும் இருக்கின்றன. அதைக் கிழவர்களின் தளம் என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூன் மாத இறுதியிலிருந்து தடைசெய்யப்பட்டிருப்பதால், இங்கிருந்து இயங்குவோர் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

யூடியூப் விளம்பர வருமானத்தை நம்பி இறங்குவோருக்கு ஒரு குறிப்பு. விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், அதோடு கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாள்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளோ வேண்டும். அந்த எல்லையைக் கடந்தாலும், பெரும்பாலான ஓவியர்களுக்கு அந்த வருமானம் வண்ணம் வாங்கக் காணாது. சேனலைப் பார்த்துவிட்டு ஓவியம் கேட்டு வருபவரே உண்மையான வருமானம்.

கணக்கின் முகப்பில் என்ன எழுத வேண்டும்?

பெயர், ஊர், என்ன செய்கிறீர்கள், எப்படி வாங்குவது. இந்த நான்கும் தெளிவாக இருந்தால் போதும். “கலையே என் மூச்சு”, “கனவுகளின் தூரிகை” போன்ற வரிகள் வருகிறவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. “சுவாமிமலை, பஞ்சலோகத் திருமேனிகள், ஆர்டருக்கு வாட்ஸ்அப்” என்பது எல்லாவற்றையும் தெரிவித்துவிடுகிறது. இன்ஸ்டாகிராமில் பெயருக்கான கட்டத்தில் உள்ள சொற்களும் தேடலில் அகப்படும் என்பதால், பெயரோடு தொழிலையும் சேர்த்து எழுதுவது நல்லது. தமிழ் தெரியாதவர்களும் உங்களைத் தேடக்கூடும். ஆகவே பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தருவதில் தவறில்லை.

படைப்பைக் கைப்பேசியிலேயே நன்றாகப் படம் பிடிக்க முடியுமா?

முடியும், ஆனால் பலரும் சறுக்குவது இங்கேதான். மாதக்கணக்கில் உழைத்த ஓவியத்தை இரவில் குழல்விளக்கின் கீழே, சற்றுச் சாய்வாக நின்று, ஒரே நொடியில் படமெடுத்துப் பதிவிடுகிறார்கள். மஞ்சள் பச்சையாகிறது, செவ்வகம் சரிவகமாகிறது, பார்க்கிறவர் அந்தப் படத்தைத்தான் ஓவியம் என்று எடுத்துக்கொள்கிறார்.

ஓவியத்தைச் சுவரில் நேராக நிறுத்தி, கைப்பேசி அதன் நடுப்புள்ளிக்கு நேர் எதிரே அதே உயரத்தில் இருக்கும்படி வைத்து, ஓரிரு அடி பின்னே தள்ளி நின்று இரு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுத்தால் ஓரங்கள் வளையா. நேர் வெயில் படாத, ஆனால் வானம் நன்றாகத் தெரியும் சன்னல் அல்லது தாழ்வாரத்தின் வெளிச்சமே சிறந்தது. அறையின் மின்விளக்கை அணைத்துவிடுங்கள்; இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் எந்தச் செயலியாலும் வண்ணத்தை மீட்க முடியாது. கண்ணாடி போட்டுச் சட்டமிடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அசலை அருகில் வைத்துக்கொண்டு திரையின் நிறத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பளிச்சென்று இருக்கட்டும் என்று வண்ணத்தை ஏற்றிக் காட்டினால், பொருள் வீட்டுக்குப் போனபின் வாங்கியவர் உங்களைத் திட்டுவார்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தனிச் சிக்கல் உண்டு. மக்கு என்னும் சுண்ணப் பசைக் குழைவை வைத்து மேடாக்கிய பகுதியில் ஒட்டியிருக்கும் தங்க ரேக்கு (மெல்லிய பொன் தகடு), நேர் ஒளி பட்டால் வெள்ளைப் பட்டையாக எரிந்துவிடும். ஒளி போதாவிட்டால் பழுப்புத் தகடாகத் தெரியும். ஓவியத்தின் ஒரு பக்கம் சன்னலும், மறு பக்கம் ஒரு வெள்ளை வேட்டியோ தெர்மாகோல் பலகையோ இருக்கும்படி வைத்தால், அந்த வெண்மை ரேக்கில் மென்மையாக எதிரொளித்துப் பொன்னைப் பொன்னாகவே காட்டும். அதன்பின் கைப்பேசியை மெல்ல இடமிருந்து வலமாக நகர்த்தி ஒரு சிறு காணொளி எடுங்கள். ரேக்கின் மீது ஒளி ஊர்ந்து போவதை எந்த நிலைப்படமும் காட்டாது. வாங்குபவருக்கு உண்மையான ரேக்கு என்ற நம்பிக்கையைத் தருவதும் அந்த நகர்வுதான். வெண்கலத் திருமேனிக்குப் பின்னே அழுத்தமான நிறத்தில் மடிப்பில்லாத துணியைத் தொங்கவிட்டு, ஒளி பக்கவாட்டிலிருந்து மட்டும் விழச் செய்யலாம். ஃபிளாஷ் போட்டால் உளிவேலை முழுவதும் தட்டையாகிவிடும்.

ஒவ்வொரு படைப்புக்கும் முழுப் படம் ஒன்று, கையகல நெருக்கப் படங்கள் இரண்டு, அளவு புரியும்படி ஓர் ஆளோ நாற்காலியோ அருகில் இருக்கும் படம் ஒன்று என நான்கு படங்களாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபீடில் செங்குத்துப் படம் அதிக இடத்தைப் பிடிக்கும் என்பது உண்மைதான். அதற்காக அகலமான ஓவியத்தின் இரு ஓரங்களையும் வெட்டி எறிய வேண்டாம்.

முடிந்த படைப்புகளை மட்டும் பதிவிட்டால் போதாதா?

போதாது என்றே சொல்வேன். முடிந்த படைப்பு ஆண்டுக்குச் சிலதான் வரும். வேலையோ தினமும் நடக்கிறது. மக்கள் நின்று பார்ப்பதும் வேலையைத்தான்.

சுவாமிமலைப் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் முழுவதும் விரல் நகம் வரை செய்யப்படுகிறது. அதன் மேல் காவிரி வண்டல் மண் பூசிக் காய வைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படுகிறது. ஆறியபின் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஓர் அச்சில் ஒரு சிலைதான். இதில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனிப் பதிவு. அச்சை உடைக்கும் காட்சி முதல் பார்வையிலேயே ஆளை இழுக்கும். “இந்த அச்சு இனி இல்லை, இதே போல் இன்னொன்று வராது” என்ற ஒரு வரியைக் கீழே எழுதினால், இயந்திர வார்ப்புச் சிலையைவிட இதன் விலை ஏன் பல மடங்கு என்ற கேள்விக்கு விடையும் கிடைத்துவிடுகிறது.

காணொளி எடுக்கும்போது முன்னுரை வேண்டாம். “வணக்கம் நண்பர்களே, இன்றைக்கு நாம் என்ன பார்க்கப் போகிறோம் என்றால்” என்று தொடங்கும்போதே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். உளி கல்லில் படும் நொடியிலிருந்தே தொடங்குங்கள். சத்தத்தையும் அப்படியே விடுங்கள். மாமல்லபுரத்துக் கல் தட்டும் ஓசையை அழித்துவிட்டு அதன் மேல் சினிமாப் பின்னணி இசையைப் போடுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மேலும், வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் தரும் பாடல் தொகுப்பு குறைவு. உரிமையில்லாத பாடலைச் சேர்த்தால் ஒலி முடக்கப்படவோ காணொளி நீக்கப்படவோ கூடும்.

தொழில் ரகசியம் வெளியே போய்விடுமோ என்று பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. மக்குப் பதத்தின் அளவையோ உலோகக் கலவையின் விகிதத்தையோ சொல்ல வேண்டியதில்லை. அரை நிமிடக் காணொளியைப் பார்த்து ஒருவர் சிற்பி ஆகிவிட முடியும் என்றால், நாற்பது ஆண்டு அனுபவத்துக்கு என்ன பொருள்?

படத்தின் கீழே என்ன எழுதுவது? தமிழிலா, ஆங்கிலத்திலா?

தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, கிடைக்கிறதா அல்லது விற்றுவிட்டதா என்பன கட்டாயம். அதன்பின் அந்தப் படைப்பைப் பற்றிக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: எந்த ஊர்க் கல், எந்தக் கோயில் தூணில் பார்த்த அமைப்பு, ஏன் அந்தக் கை மட்டும் முடிக்கப்படாமல் இருக்கிறது. யார் வாங்குகிறார்களோ அவர்கள் மொழியில் எழுதுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் தமிழில் முதலில் எழுதிவிட்டு, அளவும் ஊடகமும் கொண்ட ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்தில் தந்தால் போதும். கண் பார்வை குறைந்தவர்களுக்காகப் படவிளக்கம் சேர்க்கும் வசதியும் உண்டு, அதையும் நிரப்புங்கள்.

விலையை வெளிப்படையாகப் போடலாமா?

போடுங்கள். இதில் கலைஞர்களிடையே இரு கருத்து உண்டு என்பது தெரியும். விலை போட்டால் கலை சரக்காகிவிடும், பேரம் பேசுபவர்கள் கூடுவார்கள், போட்டியாளர் தெரிந்துகொள்வார் என்பன மறுப்பவர்களின் காரணங்கள். ஆனால் “விலைக்கு இன்பாக்ஸில் வரவும்” என்ற வரியைப் பார்த்ததும், தம் வசதிக்கு அப்பாற்பட்டதாக இருக்குமோ என்ற கூச்சத்தில் கேட்காமலே போகிறவர்கள், பேரம் பேசுகிறவர்களைவிடப் பல மடங்கு அதிகம். முதன்முறை ஓவியம் வாங்க நினைக்கும் ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ, ஓவியம் என்றால் எவ்வளவு ஆகும் என்பதே தெரியாது. எட்டாயிரம் என்று தெரிந்தால் அடுத்த மாதம் வாங்கலாம் என்று அவர் எண்ணுவார். தெரியாவிட்டால் அந்த எண்ணமே எழாது.

எல்லாப் பதிவிலும் விலை இருப்பது உறுத்தலாகத் தோன்றினால், அளவு வாரியாகத் தொடக்க விலைகளை ஒரே பதிவில் எழுதி அதை முகப்பின் மேலே நிலைநிறுத்தி வைக்கலாம். சட்டம், பொதி, அனுப்பும் செலவு ஆகியவை விலையில் அடங்குமா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். காட்சிக்கூடத்தோடு தொடர்பு இருந்தால் அங்கே உள்ள விலையும் உங்கள் விலையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவர்கள் ஒரு லட்சத்துக்கு வைத்திருக்கும் ஓவியத்தை நீங்கள் அறுபதாயிரத்துக்குத் தருவது தெரிந்தால், அந்த உறவு அன்றோடு முடிந்துவிடும். முன்பு முழு விலைக்கு வாங்கியவரும் ஏமாந்துவிட்டதாக நினைப்பார்.

வாரத்துக்கு எத்தனை பதிவு போட வேண்டும்?

இரண்டு போதும். தினமும் மூன்று என்று யாராவது சொன்னால், அவர் ஓவியம் வரைபவராக இருக்க மாட்டார். ஒரு நாள் ஒதுக்கி மொத்தமாகப் படமெடுத்து வைத்துக்கொண்டு, நாள் குறித்து வெளியிடும் வசதியைப் பயன்படுத்தினால், வேலை நேரம் கைப்பேசியில் கரையாது.

ஹேஷ்டேக், விளம்பரம், பின்தொடர்வோரை விலைக்கு வாங்குவது ஆகியவற்றால் பயன் உண்டா?

ஹேஷ்டேக்கை மூட்டையாகக் கொட்டும் காலம் போய்விட்டது. ஊர், ஊடகம், பொருள் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று நான்கு போதும். அதைவிட, பதிவின் வாக்கியத்திலேயே “தஞ்சாவூர் ஓவியம்”, “நவநீத கிருஷ்ணன்” போன்ற சொற்கள் இயல்பாக இடம்பெறுவது தேடலுக்கு உதவும்.

பின்தொடர்வோரை விலைக்கு வாங்குவது முழு நட்டம். அந்தப் போலிக் கணக்குகள் உங்கள் பதிவுகளைப் பார்க்கப்போவதில்லை; பார்வையாளருக்கு ஆர்வமில்லை என்று தளத்தின் அல்காரிதம் எடுத்துக்கொண்டு, உண்மையானவர்களுக்கும் காட்டுவதைக் குறைத்துவிடும். பணம் கட்டிச் செய்யும் விளம்பரம் ஒரு சூழலில் பயன் தரும்: நாளும் இடமும் உள்ள நிகழ்ச்சிக்கு. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியில் ஒரு வாரக் கண்காட்சி என்றால், நகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி சில நாள்கள் சிறு தொகை செலவிடலாம். பொதுவாக “பிரபலமாக” வேண்டும் என்பதற்காகப் பணம் கட்டாதீர்கள்.

லைக் நிறைய விழுகிறது. ஆனால் ஒன்றும் விற்பதில்லை. ஏன்?

உங்களைப் பின்தொடர்பவர்களின் பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். பாதிக்கு மேல் சக ஓவியர்களும் மாணவர்களும் இருப்பார்கள். அவர்கள் அன்பு உண்மையானது. ஆனால் அவர்கள் வாங்க மாட்டார்கள், அவர்களும் விற்கத்தான் வந்திருக்கிறார்கள். கட்டடக்கலைஞர்கள், உள்ளக வடிவமைப்பாளர்கள், சிறிய உணவகம் அல்லது மருத்துவமனை நடத்துபவர்கள், உங்கள் ஊர்க்காரர்கள் ஆகியோரைத் தேடிப் பின்தொடர்ந்து, அவர்கள் பதிவுகளில் பொருளோடு பேசத் தொடங்கினால் அந்தப் பட்டியலின் நிறம் மாறும்.

அடுத்தது, லைக் போட்டவரை அங்கேயே விட்டுவிடுவது. விலை கேட்டவர், கண்காட்சிக்கு வந்து பதிவேட்டில் எழுதியவர், முன்பு வாங்கியவர் ஆகியோரின் எண்களை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்து, வாட்ஸ்அப்பில் அஞ்சல் பட்டியலாக்குங்கள் (பிராட்காஸ்ட் லிஸ்ட்). ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதால், சேமிக்கச் சொல்லிக் கேட்பது முக்கியம். புதிய படைப்பைப் பொதுவெளியில் காட்டுவதற்கு ஒரு நாள் முன்பே அவர்களுக்குக் காட்டுங்கள். மாதம் ஒரு செய்திக்கு மேல் வேண்டாம். தினமும் “காலை வணக்கம்” படம் அனுப்பினால் உங்களைத் தடுத்துவிடுவார்கள். என் கணிப்பில், இருநூறு பேர் கொண்ட இந்தப் பட்டியல் இருபதாயிரம் பின்தொடர்வோரைவிட அதிகம் விற்றுத் தரும்.

என் ஓவியத்தை வேறொருவர் எடுத்துப் போட்டுவிட்டார் அல்லது சட்டையில் அச்சிட்டு விற்கிறார். என்ன செய்யலாம்?

இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பு உருவான நொடியிலேயே அதன் உரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது. அது அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். பதிவு கட்டாயம் இல்லை. வழக்கு வந்தால் சான்றாக உதவும் என்பதால் முக்கியமான படைப்புகளைப் பதிவு செய்து வைக்கலாம்.

ஓவியத்தை விற்றுவிட்டால் அதை அச்சிடும் உரிமையும் போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள். எழுத்தில் கொடுத்தாலன்றிப் போகாது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, தமக்கென்று வரையச் சொன்ன ஓவியத்துக்கு நிலைமை வேறு. சட்டத்தின் 17 ஆம் பிரிவு, மாற்று ஒப்பந்தம் இல்லாத நிலையில், வரையச் சொன்னவரையே முதல் உரிமையாளராகக் கருதுகிறது. எனவே ஆர்டர் எடுக்கும்போதே “காப்புரிமை ஓவியருடையது, தம் கணக்கில் வெளியிடும் உரிமை அவருக்கு உண்டு” என்ற ஒரு வரியை வாட்ஸ்அப்பிலாவது எழுதி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். உரிமை யாரிடம் இருந்தாலும், படைத்தவர் தாமே என்று கோருவதற்கும், தம் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பதற்கும் 57 ஆம் பிரிவு இடமளிக்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் சுவர்ச்சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சேதமானதை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் தொடர்ந்த வழக்கில், 2005 இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது இந்தப் பிரிவின் கீழ்தான்.

நடைமுறையில் முதலில் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். இணைப்பையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடுத்தவருக்கு நாகரிகமாக ஒரு செய்தி அனுப்புங்கள். அறியாமல் எடுத்தவர்கள் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். சேர்க்காவிட்டால் அந்தத் தளத்தின் காப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். வேலை நடந்தபோது எடுத்த காணொளிகளும் தேதியுள்ள மூலப் படங்களும் இங்கே கை கொடுக்கும். வாட்டர்மார்க்கைப் படத்தின் நடுவே பெரிதாகப் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது திருடனைத் தடுப்பதைவிடப் பார்வையாளரைத்தான் அதிகம் தடுக்கிறது. சிறிய அளவுப் படத்தை மட்டும் பதிவேற்றி, பெரிய கோப்பை உங்களிடமே வைத்திருப்பது மேல்.

நடிகர்களின் படத்தையோ பழைய ஓவியத்தையோ பார்த்து வரைந்ததைப் பதிவிடலாமா?

1906 இல் மறைந்த ராஜா ரவி வர்மாவின் ஓவியங்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அவற்றைப் பார்த்து வரையலாம், விற்கலாம், மூலம் எது என்று சொல்லிவிடுவது பண்பு. ஒரு புகைப்படக் கலைஞர் எடுத்த நடிகரின் படத்தை அப்படியே வரைந்து விற்பது அப்படியன்று. அந்தப் புகைப்படத்துக்கு உரிமையாளர் இருக்கிறார். ரசிகராக வரைந்து பதிவிடுவதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்பது வேறு செய்தி. நடிகர் முகங்களால் பெற்ற பின்தொடர்வோர், உங்கள் சொந்தப் படைப்பு வந்ததும் பெரும்பாலும் அமைதியாகிவிடுவார்கள். அதைத்தான் யோசிக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு என் பாணியைக் கற்றுக்கொள்ளாமல் தடுக்க வழி உண்டா?

முழுமையாக இல்லை. பொதுவில் வெளியிடப்படும் பதிவுகளைத் தன் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பயன்படுத்துவதாக, இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டா நிறுவனமே சொல்லியிருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 இல் வெளியிட்ட கிளேஸ் என்ற இலவச மென்பொருள், கண்ணுக்கு எளிதில் தெரியாத மாற்றங்களைப் படத்தில் சேர்த்து, பாணியைக் கற்பதை ஓரளவு கடினமாக்குகிறது. கல்லிலும் உலோகத்திலும் பலகையிலும் வேலை செய்பவர்கள் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கணினியில் வரைபவர்களுக்குத்தான் உண்மையான அடி.

வாங்குவதாகச் சொல்லி வருபவர்களில் மோசடிக்காரரை எப்படி அடையாளம் காண்பது?

அவர்கள் சொல்லும் கதைகள் அதிகம் மாறுவதில்லை. “என் மனைவி உங்கள் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறந்தநாளுக்குப் பரிசளிக்க வேண்டும்” என்று ஒருவர் எழுதுவார். எந்த ஓவியம் என்று குறிப்பிட மாட்டார். அளவு கேட்க மாட்டார். விலையைக் குறைக்கவும் சொல்ல மாட்டார். பிறகு விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பியதாகச் சொல்லி, மிச்சத்தை அவருடைய லாரிக்காரருக்கு அனுப்பச் சொல்வார். காசோலை சில நாள் கழித்துத் திரும்பிவரும். நீங்கள் அனுப்பிய மிச்சம் திரும்பாது. இன்னொருவர் தம்மை ராணுவ அதிகாரி என்று சொல்லி, அடையாள அட்டைப் படமும் அனுப்பி, பணம் பெற இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் ரகசியப் பின் (PIN) எண்ணை இடுங்கள் என்பார். யூபிஐயில் பணம் பெறுவதற்கு எந்த நிலையிலும் பின் எண் தேவையில்லை. கேட்டால் அது உங்கள் கணக்கிலிருந்து எடுப்பதற்குத்தான்.

மூன்றாவது வகை நயமானது. வெளிநாட்டுக் கண்காட்சிக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், பங்கேற்புக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள் என்று மின்னஞ்சல் வரும். சான்றிதழும் பதக்கமும் உண்டு. பார்வையாளர்கள் இருக்க மாட்டார்கள். உங்கள் பதிவு காப்புரிமையை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் இங்கே உள்நுழைந்து விளக்கம் தாருங்கள் என்று தளத்தின் பெயரிலேயே வரும் செய்தி, உங்கள் கடவுச்சொல்லைப் பறிப்பதற்கானது. இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்கி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் தொகையை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் கேட்கிறார்கள். எப்படி அனுப்புவது?

திரைச்சீலை ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுற்றி அனுப்பலாம். தஞ்சாவூர் ஓவியம் பலகையில் இருப்பதால் மரப்பெட்டி கட்டாயம். சிலசமயம் பெட்டியும் விமானச் செலவும் சேர்ந்து ஓவியத்தின் விலையை நெருங்கிவிடும் என்பதை ஆர்டருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பழமையான தோற்றமுடைய உலோகத் திருமேனியோ கற்சிலையோ என்றால், அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் நின்றுவிடும். பட்டறைப் புகைப்படங்கள் இங்கேயும் துணை நிற்கும். அந்த நாட்டில் இறக்குமதி வரி வந்தால் யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். முழுத்தொகையும் வங்கியில் சேர்ந்த பிறகே பெட்டி பட்டறையை விட்டுப் புறப்பட வேண்டும்.

கோயிலுக்குச் செய்யும் திருமேனியைப் பதிவிடலாமா?

செய்யச் சொன்னவர்களிடம் கேட்காமல் வேண்டாம். வார்ப்பு, சீவுளி வேலை ஆகியவற்றைக் காட்டுவதற்குப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. கண் திறப்பதைப் படம் பிடிப்பதை மட்டும் பல பட்டறைகளும் குடும்பங்களும் விரும்புவதில்லை. எத்தனை லட்சம் பார்வை கிடைக்கும் என்றாலும், அந்த நேரத்தில் கைப்பேசியைத் தள்ளி வைப்பதே சரி என்பது என் கருத்து.

கணக்கு முடங்கினால் எல்லாம் போய்விடுமே?

போகும். டிக்டாக் தடை வந்தபோது அங்கே மட்டும் இருந்தவர்கள், தம் பார்வையாளர்களை ஒரே இரவில் இழந்தார்கள். தளம் என்பது வாடகை வீடு. உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் காரணம் கேட்க முடியாது. மூலப் படங்களை வன்தட்டில் வையுங்கள். பதிவுகளை மொத்தமாகப் பதிவிறக்கும் வசதியை ஆண்டுக்கு இருமுறையாவது பயன்படுத்துங்கள். வாடிக்கையாளர் எண்கள் காகிதத்திலும் இருக்கட்டும். இயன்றால் உங்கள் பெயரில் சிறு இணையதளம் ஒன்று. பத்துப் படங்களும் தொடர்பு எண்ணும் இருந்தால் போதும்.

அப்பா ஸ்தபதி, கைப்பேசியைத் தொட மாட்டார். மகனோ மகளோ கணக்கை நடத்தலாமா?

தாராளமாக நடத்தலாம், நன்றாக ஓடும் பட்டறைக் கணக்குகள் பலவும் அப்படித்தான் நடக்கின்றன. யார் எழுதுகிறார் என்பதை முகப்பிலேயே சொல்லிவிடுங்கள். அப்பாவே எழுதுவது போல் நீங்கள் எழுத வேண்டாம். அதைவிட, மாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று செய்த வேலையைப் பற்றிக் கேட்டு ஒலியைப் பதிவு செய்யுங்கள். “இந்த விரல் ஏன் இப்படி மடங்குகிறது?” என்ற கேள்விக்கு அவர் பேச்சுத்தமிழில் தரும் ஒரு நிமிட விடையை, கை வேலை செய்யும் காட்சியோடு சேர்த்தால் அதுவே பதிவு. பட்டறையில் மெழுகு பிடிப்பவர், சீவுளி பிடிப்பவர் ஆகியோரின் பெயரையும் அவர்கள் சம்மதித்தால் சேர்த்துப் போடுங்கள். வருமானத்தில் ஒரு பங்கைக் கணக்கு நடத்துபவருக்கு என்று முன்பே பேசி வைப்பதும் நல்லது. குடும்பத்துக்குள்தானே என்று விட்டுவிட்டால், ஆர்டர் பெருகும்போது அதுவே மனத்தாங்கலாகிறது.